நம் வீட்டு ஜெபம் நின்ற விதம்

பிரபா,

கடிதத்தின் மேலே நான் எப்போதும் எழுதும் ஸ்தோத்திர வரி இதில் இல்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஃபோனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். நீ "சொல்லும்மா" என்றதும், பத்திரிகை அடித்தாயிற்றா, மண்டபத்துக்காரரிடம் பேசினாயா என்று வேறு எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறவனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் நீ ஒரு தடவை கோபப்பட்டு மடித்து வைத்துவிட்டு, கோபம் தணிந்ததும் மறுபடி எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

வேலூரில் உன் நிச்சயத்தன்று, சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, ஹெலனுடைய அப்பா உங்கப்பாவைப் பார்த்து, "சம்பந்தி, உங்க வீட்ல குடும்ப ஜெபம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? குறை கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜெபத்தில் வளர்ந்த குடும்பம், ஆசையாகத்தான் கேட்டார். உங்கப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "ஏழு மணிக்கு அங்கிள். எங்கப்பா ஒரு நாள் கூட விட்டதில்ல. டூட்டி இருந்தாக்கூட காலைலயே முடிச்சுட்டுதான் போவாரு." ஹெலன் கதவோரம் நின்று உன்னைப் பெருமையாகப் பார்த்தாள். உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணமங்கலத்தில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தார். போளூர் தாண்டியதும், என் பக்கம் திரும்பாமலே, "அவங்கிட்ட சொல்லிடு. என்னால சொல்ல முடியாது" என்றார். என்ன என்று நான் கேட்கவில்லை.

நீ பொய் சொல்லவில்லை, பிரபா. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். உனக்கு அப்படித் தெரியும்படி வைத்திருந்தது நாங்கள்.

மாவட்டம் பிரிந்த வருஷம் உங்கப்பாவை வேலூர் டெப்போவிலிருந்து இங்கே மாற்றினார்கள். வேங்கிக்காலில் அப்போது கலெக்டர் ஆபீஸ் வேலையே முடிந்திருக்கவில்லை. அதைச் சுற்றிப் பொட்டல் காடு. நாம் குடிவந்த வீட்டுக்கு வாசற்கதவைத் தவிர உள்ளே எந்த அறைக்கும் கதவு கிடையாது. சாமான் இறக்கிய அன்று, மூட்டை பிரிக்கும் முன்னால், பாயை விரித்து நம் இருவரையும் உட்காரவைத்து ஜெபம் பண்ணினார். நீ சின்னப் பையன், பாயிலேயே தூங்கிப்போனாய். அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை. ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், அப்புறம் முழங்காலில் நின்று அவர் ஜெபம். அவர் ஜெபம் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். டெப்போவில் யாருக்கு உடம்பு சரியில்லை, கண்டக்டர் பெண்ணுக்கு வரன் அமையவில்லை, அடுத்த வீட்டு சாந்தியின் புருஷன் குடியை விடவேண்டும், எல்லாம் அதில் வரும். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து அடுப்பில் சோறு பொங்குகிறதா என்று பார்ப்பேன். நீ ஒரு நாள், "ஆண்டவரே, கணக்குப் பரீட்சை நடக்கக் கூடாது" என்று சத்தமாகச் சொன்னாய். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டார். சாந்தி நம் பாட்டு ஆரம்பித்தால் ரேடியோவைக் குறைத்துவிடுவாள். கார்த்திகை தீபத்துக்கு அவள் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருந்தாலும், ஏழு மணி ஆனால், "டிரைவர் வீட்ல ஜெபம், கம்மியா பேசுங்க" என்பாள்.

அந்த ஜெபத்தில் இரண்டு வரி மட்டும் எந்த நாளும் மாறாது. ஆரம்பத்தில், "ஒரு உயிருக்கும் என் கையால் சேதம் வராமல் காத்தருளும்." முடிவில், "இந்த நாளிலும் எங்களைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்த்ததற்காக ஸ்தோத்திரம்." பஸ் ஓட்டுகிறவர் ஜெபம் வேறு எப்படி இருக்கும்?

நீ வேலூரில் பாலிடெக்னிக் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகு நடந்தது இது. அப்பா ஓட்டிய பஸ்ஸில் ஒரு பெண் குழந்தை அடிபட்டு இறந்தது, அப்பா மேல் தப்பு இல்லை என்று கோர்ட் விடுவித்தது, கண் கொஞ்சம் மங்கியதால் டெப்போவுக்குள்ளேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கண் மங்கியது என்பது நாங்கள் சொன்னது. அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

அன்று பௌர்ணமி முடிந்த காலை. கிரிவலம் சுற்றிய கூட்டம் ஊர் திரும்புகிற நேரம். ஊருக்கு வெளியே திண்டிவனம் ரோட்டில் தற்காலிகமாக பஸ் நிறுத்துமிடம் போட்டிருந்தார்கள். பஸ் நிற்பதற்கு முன்பே ஜனங்கள் கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள், நீ பார்த்திருக்கிறாய். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம். அப்பன் ஏழுமலை, கடலை போடுகிற விவசாயி. வேண்டுதல் வைத்துக் குழந்தைக்கு மொட்டை அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கோமதி என்று பேர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு. ஏழுமலை துண்டைப் போட பஸ் கூடவே ஓடினான். அந்தக் குழந்தை அம்மா கையை உதறிவிட்டு அப்பன் பின்னாலேயே ஓடியது. உங்கப்பா ஆள் நடக்கிற வேகத்தில்தான் உருட்டிக்கொண்டு வந்தார். முன்னால் பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார். அந்த உயரத்துக்கு அது எதிலும் தெரியாது. பின் சக்கரம்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி முடித்து, டெப்போவிலிருந்து இரண்டு பேர் சாயந்தரம் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவர் குளித்துவிட்டு வந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏழு மணி ஆனது, பாயை விரித்தேன். செய்து செய்து கைக்குப் பழகிவிட்ட வேலை. அவரும் வந்து உட்கார்ந்தார். பாட்டு வேண்டாம் என்றார். நான் ஒரு சங்கீதம் வாசித்தேன். முழங்காலில் நின்றார். வாயும் பழகிய வாய்தானே, முதல் வரியை விட்டுவிட்டு, முடிவில் சொல்வதை எடுத்த எடுப்பிலேயே, "ஆண்டவரே, இந்த நாளிலும் எங்களைப் பத்திரமாய்..." என்று ஆரம்பித்துவிட்டார். அங்கேயே நின்றது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண் திறந்தே இருந்தது.

"இத எப்பிடி சொல்றது?" என்றார் என்னிடம். "அவங்களும் சாமி கும்பிட்டுட்டுதான வந்தாங்க. மொட்டையில சந்தனம் கூட காயல. அவங்க கேட்டதும் நான் கேட்டதும் ஒண்ணுதான். அவங்களுக்குக் குடுக்காத பத்திரம் எனக்கு எங்கருந்து வந்துது?"

நான் வேதத்தை மூடி வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டினேன், பிரபா.

கேஸ் நடந்த காலம் முழுக்க அவர் பாயில் வந்து உட்காருவார், ஜெபம் மட்டும் நான் பண்ணுவேன். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. தீர்ப்பு வரட்டும், மனசு இலேசாகிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஜட்ஜ் தப்பில்லை என்று சொன்ன அன்று டெப்போக்காரர்கள் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நம் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைக்கலாம் என்று சபையில் சொன்னார்கள், நான்தான் சரி என்றேன். போதகர் வந்தார், மூப்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். கேசரி கிண்டினேன். வீடு நிறைய ஜனம், வாசல் நிறையச் செருப்பு. வெகு நாளைக்கப்புறம் நம் வீட்டில் நாலு பேர் சேர்ந்து பாடுகிற சத்தம் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. போதகர் எழுந்து, குற்றமற்றவனாக விடுவித்த தேவனுக்கு நன்றி சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். பாதியில் உங்கப்பா எழுந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்தப் பொண்ணு பேரச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. கோமதி."

போதகர் நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தணிந்த குரலில்தான் சொன்னார். "பெத்தவங்களுக்கு ஆறுதல் கேட்டு ஜெபிக்கலாங்க. ஆனா இறந்தவங்களுக்காக நாம ஜெபிக்கிறது இல்லையே. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுங்க ஐயா."

"அதுவும் அவங்க..." என்று ஒரு மூப்பர் ஆரம்பித்தார். போதகர் கை காட்டி அவரை நிறுத்தினார்.

"அவளுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்லனா, எனக்குக் கேக்கறதுக்கும் ஒண்ணுமில்லீங்க ஐயா. நீங்க முடிங்க" என்று சொல்லிவிட்டு, உங்கப்பா எல்லோரையும் தாண்டி வெளியே போனார். ஜெபம் முடிந்தது. கேசரியை யாரும் சரியாகத் தொடவில்லை. அதற்கப்புறம் அவர் பாயில் உட்காரவில்லை. சபையில் சிலர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள், சிலர் பெருமை என்றார்கள். பெருமை என்றவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கு அடுத்த வாரம், "கெளம்பு, ஒரு எடத்துக்குப் போலாம்" என்றார். எங்கே என்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே இறங்கி வேன் பிடித்து, வேனிலிருந்து இறங்கி வயலோரமாக நடந்தோம். ஏழுமலை வீட்டு வாசலில் கடலை காயப்போட்டிருந்தது. அவன் பெண்சாதி உள்ளே உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். யார் என்று தெரிந்ததும் அவள் நிமிரவில்லை. கையும் நிற்கவில்லை. ஏழுமலை வெளியே வந்தான். அடிப்பான் என்று பயந்து நான் உங்கப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோர்ட்டே வுட்டுடுச்சே டிரைவரே. இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றான். கோபமே இல்லாத குரல்.

"சும்மா... பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்துட்டீங்களா?"

உங்கப்பா கையைக் கூப்பினார். "என்னை எதுனா ரெண்டு வார்த்த திட்டுனாக்கூடப் போதும்பா. மனசு ஆறிடும்."

"உங்களுக்கு ஆறிடும்" என்றான் ஏழுமலை. "எனக்கு? துண்ட போட ஓடனது நானு. உங்கள பாத்தா எனக்கு அந்தத் துண்டுதான் கண்ணு முன்னால வருது. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வராதீங்க. இதோட வராதீங்க."

நாங்கள் திரும்பி நடந்தோம். அவன் பெண்சாதி பின்னால் ஏதாவது சொல்வாள், சாபமாவது விடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடலை உரிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது. உங்கப்பா அன்றைக்கே டெப்போவுக்குள் வேலை கேட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்டீயரிங் தொட்டது அதோடு சரி.

நான் விடவில்லை. ஏழு மணிக்குத் தனியாக உட்காருவேன், பாடுவேன், வாசிப்பேன். அவர் வெளியே போய் முருங்கை மரத்தடியில் நிற்பார். அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே செய்வேன். ஒரு நாள், போதகர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று, "ஆண்டவரே, கோமதி என்கிற அந்தக் குழந்தையை உம்முடைய கரத்தில்..." என்று ஆரம்பித்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. வந்துவிட்டார், வந்தே விட்டார் என்று பாயில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"வேணாம். நிறுத்து" என்றார்.

"ஏங்க, நீங்கதான கேட்டீங்க?"

"நான் அவளுக்காகக் கேட்டேன். நீ என்ன உள்ள கூப்புடறதுக்கு அவ பேரச் சொல்ற. எனக்குத் தெரியுது."

அவர் சொன்னது உண்மை. அந்தக் குழந்தையை நினைத்து நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. என் புருஷன் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் என் குரலே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. சத்தம் குறைந்து முணுமுணுப்பானது, முணுமுணுப்பும் போய் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் பாயில் பூஞ்சை பிடித்திருந்தது. வெயிலில் போட எடுத்தேன், திரும்ப விரிக்கவில்லை. நம் வீட்டு ஜெபம் அப்படித்தான் நின்றது. ஏழு மணிக்கு இப்போது டி.வி. போட்டுவிடுகிறேன். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நீ லீவுக்கு வந்தபோதெல்லாம் ஜெபம் நடந்ததே என்பாய். நடந்தது. முதல் தடவை நீ வருவதற்கு முந்தின நாள் அவர்தான் சொன்னார்: "பையனுக்கு இது தெரிய வேணாம். அவனுக்காவது இருக்கட்டும்." நீ இருந்த நாட்களில் பாடினார், வாசித்தார், முழங்காலில் நின்று சின்னதாக ஒரு ஜெபமும் சொன்னார். நீ பஸ் ஏறியதும் அவர் முருங்கை மரத்தடிக்குப் போய்விடுவார். உனக்காகச் செய்ததுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். நீ வருகிறாய் என்றால் எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், இந்தப் பயம் ஒரு பக்கம். பெற்ற பிள்ளை வீட்டுக்கு வருவதை நினைத்துப் பயப்பட்டேன் என்று எழுத வேண்டியிருக்கிறது பார்.

போன திங்கட்கிழமை ஹெலன் அப்பா ஃபோன் பண்ணினார். கல்யாணம் முடிந்து நீங்கள் சென்னையில் குடிபோகும் வீட்டில், முதல் குடும்ப ஜெபத்தை மாப்பிள்ளையின் அப்பாதான் நடத்தி வைக்கவேண்டுமாம். ஹெலன் ரொம்ப ஆசைப்படுகிறாளாம். "சொல்றேங்க" என்று வைத்தேன். உங்கப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார்.

"தொண்டை சரியில்லனு சொல்லிடலாமாங்க?" என்று நானே கேட்டேன்.

"வேணாம். நம்ம வீட்ல செஞ்சது போதும். அவன் வீட்லயும் பொய்யிலயே ஆரம்பிக்க வேணாம்" என்றார். "கல்யாணத்துக்கு வர்றேன். எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன். அது ஒண்ணு மட்டும் வேணாம்."

அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் இருவரும் உங்கள் வீட்டில் ஜெபம் வைத்துக்கொள்ளுங்கள் என்றோ, வேண்டாம் என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகிறேன், பாடுகிறேன், திருவிருந்து எடுக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் உனக்குக் கொடுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். உங்களில் ஒருவருக்கு ஒரு நாள் வாய் வராமல் போனால், வரவில்லை என்று அடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்காக என்று நடிக்காதீர்கள். எங்களுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட ஜாஸ்தி கஷ்டமாக இருந்தது.

ஹெலனிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். சொன்னால், அவள் நல்ல பெண், மாமாவை மறுபடி ஜெபத்துக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பாள். எங்கள் வீட்டுக்கு வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக உருக்கமாக ஜெபிப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அப்படித்தான் செய்தேன். அவர் இனி வரமாட்டார், பிரபா. அவருக்கு வயசாகிறது, தூங்குகிற நேரம் போக மீதி நேரத்தில் அந்த ஆள் நடக்கிற வேகத்தில்தான் அவர் இன்னும் பஸ்ஸை உருட்டிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அவருக்காக ஜெபிக்க வேண்டும் என்று தோன்றினால் உங்கள் வீட்டில் ஜெபிக்கட்டும். நான் தடுக்கவில்லை. அவர் காதில் விழும்படி மட்டும் வேண்டாம் என்று சொல்.

அம்மா